ப்ளைவுட் ஸ்கார்ஃப்: மெல்லிய விளிம்பு பிய்ந்துபோவது

ஸ்கார்ஃப் என்பது இரண்டு பலகைகளின் ஓரத்தைச் சரிவாக இழைத்து, சரிவோடு சரிவு ஒட்டும் இணைப்பு. அப்படி இழைக்கும்போது உங்கள் 6 மி.மீ. மரைன் ப்ளைவுட்டின் மெல்லிய விளிம்பு பிய்வது பெரும்பாலும் அடியில் தாங்கல் இல்லாததால். வேண்டாத ப்ளைவுட் துண்டு ஒன்றை அடியில் கொடுத்து, இரண்டின் ஓரமும் ஒரே கோட்டில் நிற்க கிளாம்ப் போடுங்கள். இணைக்கவேண்டிய இரண்டாவது பலகையை மேலே, 48 மி.மீ. உள்தள்ளி வையுங்கள். இரண்டையும் சேர்த்து இழைத்தால் 1:8 சரிவு (தடிமனைப்போல் எட்டு மடங்கு நீளம்) இரண்டிலும் ஒரேயடியாக விழும்.

எலக்ட்ரிக் பிளேனரில் (இழைக்கும் மெஷின்) ஒரு இழைப்பின் ஆழம் 0.5 மி.மீ.க்கு மேல் வேண்டாம். விளிம்பை நெருங்கியதும் மெஷினை விட்டுவிட்டு கை இழைப்புளியால் முடியுங்கள். அந்தக் கடைசி இழைப்புக்கு மெஷினை நான் நம்பமாட்டேன்.

பிளேடு மழுங்கியும் இருக்கலாம். ப்ளைவுட் பசை சாதாரண ஸ்டீலைச் சீக்கிரம் தின்றுவிடும். சீவலுக்குப் பதில் மாவாக வந்தால் மாற்றுங்கள், கார்பைடு நல்லது. மாற்றும்முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

சரிவு சரியா என்று பார்க்க, அதில் ப்ளைவுட் அடுக்குகளுக்கு நடுவே தெரியும் பசைக்கோடுகளைப் பாருங்கள். நேராக, இணையாக ஓடினால் சரி. கோடு வளைந்தால் அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது.

இன்னொன்று: சுவிட்சை விட்ட பிறகும் பிளேடு உருளை சில நொடி சுற்றும். நிற்கும்வரை மெஷினைக் கீழே வைக்காதீர்கள். கையுறையும் வேண்டாம், இழுத்துக்கொள்ளும்.