வெண்டைக்காய்த் தண்ணீரும் மாமியார் முட்டியும்

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது, முட்டி வலி. வெண்டைக்காயின் கொழகொழப்பு மூட்டுக்குள் போய் எண்ணெய் மாதிரி வேலை செய்யும் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, தினமும் காலையில் வெண்டைக்காய் ஊறிய தண்ணீரைக் குடிக்கிறார். பலன் உண்டா, டாக்டரம்மா?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: முட்டிக்குப் போய்ச் சேராதும்மா. எங்கள் பாட்டியும் இதையேதான் சொல்வார். மருத்துவம் படிக்கும்வரை நானும் நம்பினேன். நம்பத் தோன்றுவதற்குக் காரணமும் இருக்கிறது. மாட்டுங்காவில் கிளினிக் வைத்திருந்தபோது, வீங்கிய முட்டிகளில் ஊசி வைத்து நீர் எடுத்திருக்கிறேன். நல்ல மூட்டு நீர் சட்டென்று சொட்டாது. வெண்டைக்காயை நறுக்கிக் கத்தியைத் தூக்கினால் கூடவே வருமே, அது மாதிரி நூலாக இழுத்துக்கொண்டு இறங்கும். அழற்சி இருந்தால் வெறும் தண்ணீராகச் சொட்டும். ரிப்போர்ட் வருமுன்பே அந்த நூல் பாதி சேதியைச் சொல்லிவிடும்.

இரண்டிலும் சூட்சுமம் ஒன்றுதான்: நீளநீளமான சர்க்கரைச் சங்கிலிகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஆனால் சங்கிலி வேறு. மூட்டில் இருப்பது ஹையலூரானிக் அமிலம். 1934இல் அதை முதலில் பிரித்தெடுத்தது மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லியிலிருந்து! மூட்டின் உள்சவ்வே அதைச் சுரந்துகொள்கிறது. வெண்டைக்காயில் இருப்பதோ நார்ச்சத்து. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கும் பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகிறது. மலச்சிக்கலுக்கு நல்லது, அவ்வளவுதான்.

ஆரோக்கியமான முட்டியில் அந்த நீர் ஒரு டீஸ்பூன்கூட இருக்காது. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. நடக்கும்போது அழுந்தி விரிந்து, அந்த நீரிலிருந்துதான் சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் மாமியாரைச் சாயங்காலம் சமதரையில், வலி கூடாத அளவுக்கு நடக்கச் சொல்லுங்கள். ஸ்டேஷன் பிரிட்ஜ் படிக்கட்டு வேண்டாம். என் முட்டியே அங்கே கெஞ்சுகிறது. முட்டி சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆசையாகக் குடிக்கிறார் என்றால் குடிக்கட்டும், விடுங்கள். ஊறிய காயை மட்டும் எறியாமல் சாம்பாரில் போட்டுவிடுங்கள். பொரியலுக்கு, கழுவி ஈரம் போகத் துடைத்த பிறகு நறுக்கி, உப்பைக் கடைசியில் போடுங்கள். என் எதிர்வீட்டு மராத்திக்காரம்மா இரண்டு ஆம்சூலும் (காயவைத்த கோகம் பழத்தோல்) சேர்ப்பார். புளிப்புக்குக் கொழகொழப்பு அடங்கிவிடும்.

கேள்வி: மழை ஆரம்பித்ததிலிருந்து என் 5 வயது மகனுக்குப் பச்சையாகச் சளி வருகிறது. ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?
- வாசகர், தாராவி, மும்பை

பதில்: நிறத்தை மட்டும் பார்த்துக் கொடுக்காதீர்கள். கிருமியோடு சண்டை போட வரும் வெள்ளை அணுக்களில் ஒரு பச்சை நிற என்சைம் இருக்கிறது. சளிக்கு அந்தச் சாயம்தான். வைரஸ் சளியும் பச்சையாகும். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் நீடித்தாலோ, 10 நாளாகியும் குறையாவிட்டாலோ டாக்டரிடம் போங்கள். அப்புறம், ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கிற பாத்திரத்தைக் குழந்தை முன்னால் வைக்க வேண்டாம். வெந்த கையோடு வந்த பிள்ளைகளுக்கு நிறையக் கட்டுப் போட்டிருக்கிறேன்.