செக்குல ரெண்டாவது கையெழுத்து உங்களோடது: முன்னாள் ஊராட்சி துணைத் தலைவருக்கு தண்டத்தீர்வை நோட்டீஸ்

கேள்வி (சுருக்கமா): 2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி வரைக்கும் கிராம ஊராட்சி துணைத் தலைவரா இருந்தேன். எல்லாத்தையும் தலைவரோட வீட்டுக்காரர்தான் பாத்துக்கிட்டாரு, செக் புக்கை வீட்டுக்கே கொடுத்தனுப்புவாங்க, நான் கையெழுத்து போட்டு அனுப்பிடுவேன். ஒரு பைசா தொட்டதில்ல. இப்ப தணிக்கையில மோட்டார் ரிப்பேர், தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர்னு மொத்தம் 3,86,000 ரூபாய்க்கு தடை (இந்தச் செலவை ஏத்துக்க முடியாதுங்கிற குறிப்பு) எழுதி, தலைவருக்கும் எனக்கும் தண்டத்தீர்வை (அந்த இழப்பை எங்ககிட்டயே வசூல் பண்றது) நோட்டீஸ் வந்திருக்கு. எனக்கு எதுவும் தெரியாது, காட்டுன இடத்துல கையெழுத்து போட்டேன்னு ஒரு விளக்கக் கடிதம் எழுதி வச்சிருக்கேன். அனுப்பலாமா? பழைய பில் ரெடி பண்ணித் தரேன்னு ஒருத்தர் சொல்றாரு, அதை வாங்கலாமா?

பதில்: ரெண்டும் வேணாம் சகோதரி. நீங்க மூணு பக்கத்துக்கு எழுதினதை முழுசா படிச்சேன், உங்களை கூட்டத்துக்கே கூப்பிடாம விட்டது, வீட்டுக்கு வந்து பேசினது எல்லாம் வேதனையான விஷயம்தான், ஆனா இந்த நோட்டீசுக்கு அதுல ஒண்ணுகூட பதில் கிடையாது. யாரு தின்னாங்கன்னு தணிக்கை கேக்கல. செக்குல ரெண்டாவது கையெழுத்து போட்ட அன்னைக்கு அந்த செலவுக்கு வவுச்சர், தீர்மானம், வேலையா இருந்தா எம்-புக் (செஞ்ச வேலையை அளந்து எழுதுற புத்தகம்) பதிவு, பொருளா இருந்தா ஸ்டாக் ரிஜிஸ்டர் இதெல்லாம் இருந்துச்சா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 188-வது பிரிவு துணைத் தலைவர் கையெழுத்தையும் சேத்து கேட்டதே, ஒருத்தர் கையில மொத்தப் பணமும் போயிடக்கூடாதுன்னுதான். அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி உங்ககிட்ட இருந்துச்சு. அதனாலதான் 'அவர் சொன்னாரு நான் போட்டேன்'ங்கிறது சட்டத்துல சமாதானம் ஆகாது, அது கவனக்குறைவை நீங்களே எழுத்துல ஒத்துக்கிற மாதிரி ஆயிடும்.

நான் உங்களை பொய் சொல்லச் சொல்லல. ரெக்கார்டை கண்ணால பாக்காம எதையும் ஒத்துக்காதீங்க, மறுக்கவும் செய்யாதீங்க, அவ்வளவுதான். இப்ப புத்தகம் எல்லாம் தனி அலுவலர் (உங்க பதவிக்காலம் முடிஞ்சதும் ஊராட்சியைப் பாத்துக்க அரசு போட்ட அதிகாரி) பொறுப்புல இருக்கும். முதல்ல நோட்டீசுக்கு பதில் தர அவகாசம் கேட்டும், தணிக்கை அறிக்கை நகலும் ஆவணங்களைப் பாக்க அனுமதியும் கேட்டும் ஒரு மனு கொடுத்து ஒப்புகை வாங்கிடுங்க. கூடவே ஆர்டிஐ-ல சான்றொப்பமிட்ட நகல் கேளுங்க. நகல் கொடுக்காமலே உத்தரவு போட்டாங்கன்னா நாளைக்கு ஹைகோர்ட்ல நமக்கு கையில இருக்கிற நல்ல பாயின்ட் அந்த மனுதான். எவ்வளவு இழப்பு, எந்தச் செலவுல, யாரோட எந்தச் செயலால வந்துச்சுன்னு அவங்க தனித்தனியா காட்டணும், மொத்தத்தையும் ரெண்டா வகுத்து ஆளுக்குப் பாதின்னு போடறதை நான் நிறைய தடவை பாத்திருக்கேன், அங்கதான் சண்டை போடணும்.

இப்ப அந்த பில் விஷயம். தயவுசெஞ்சு இதை கவனமா படிங்க, ஏன்னா எங்கிட்ட வந்தவங்கள்ல கெட்டுப் போனவங்க அதிகமும் இந்த இடத்துலதான் கெட்டுப் போனாங்க. ஒரு முன்னாள் பிரதிநிதி, உங்க மாதிரியே கை சுத்தமானவர், பயத்துல 2021 தேதி போட்ட மோட்டார் ரிப்பேர் பில் ஏழு வாங்கி கொண்டுபோய் கொடுத்துட்டாரு. ஏழுலயும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, நம்பர் வரிசையா அடுத்தடுத்து இருந்துச்சு. மேல இருந்த ஜிஎஸ்டி நம்பரை தணிக்கையாளர் அங்கேயே போர்ட்டல்ல போட்டுப் பாத்தாரு, கடை பதிவு ஆன தேதி 2023-னு காட்டுச்சு. பணம் கட்டி முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம் அந்த ஒரு நிமிஷத்துல போலீஸ் கேஸ் ஆச்சு. 2021-ல நடந்த செலவுக்கு பழைய ஐபிசி 409 (அரசு ஊழியர் செய்யுற நம்பிக்கை மோசடி) வருமா வராதான்னு வாதாட இடம் இருக்கு, இன்னைக்கு நீங்க உருவாக்குற பில்லுக்கு அந்த இடம் இல்ல, அது இன்னைக்குச் செஞ்ச போலி ஆவணம், ஐபிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல 336, 340. அந்தத் தப்பை தலைவர் மேலயும் போட முடியாது, ஏன்னா கொண்டுபோய் கொடுத்தது நீங்க.

இன்னொரு குழி, சத்தமில்லாம பணம் கட்டறது. 'பாதியைக் கட்டிடுங்க, ஃபைலை மூடிடலாம்'னு ஆபீஸ்ல யாராவது நல்ல மனசோடவே சொல்லுவாங்க. வெறும் சலான் மட்டும் இருந்தா அதை ஒப்புதல்னு படிப்பாங்க, மீதிப் பாதிக்கும் அதுதான் ஆதாரமா வரும். பணம் கட்டிட்டா கிரிமினல் கேஸ் வராதுன்னு ஒரு நம்பிக்கை ஊர்ல இருக்கு, அப்படி ஒரு சட்டம் கிடையாது.

ஆனாலும் எல்லாத்துக்கும் கேஸ் போடுங்கன்னு சொல்ல மாட்டேன். நீங்க அனுப்பின நோட்டீஸ்ல தெருவிளக்கு 1,68,000, மோட்டார் 1,12,000, பிளீச்சிங் பவுடர் 1,06,000. விளக்கு கம்பத்துல இருக்கும், போய் ஒவ்வொரு கம்பமா போட்டோ எடுங்க, எண்ணிப் பாருங்க, வேலை நடந்திருக்குன்னா இழப்பே இல்லைன்னு வாதாடலாம். மோட்டாருக்கு பழுது பாத்தவரும் பம்ப் ஆபரேட்டரும் ஊர்லயே இருப்பாங்க, உண்மையா வேலை செஞ்சிருந்தா இன்னைய தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி வாக்குமூலம் வாங்குங்க. பிளீச்சிங் பவுடர்தான் கஷ்டம். அது கரைஞ்சு போற பொருள், ஸ்டாக் ரிஜிஸ்டர்ல வரவு இல்லைன்னா அந்தத் தணிக்கைத் தடையை உயிரோட வச்சு அஞ்சு வருஷம் கோர்ட்டுக்கு அலையறதுல உங்களுக்கு லாபம் ஒண்ணும் இல்ல. ரெக்கார்ட் பாத்ததுக்கு அப்புறமும் ஒண்ணும் கிடைக்கலைன்னா உங்க பங்கை மட்டும், பொறுப்பை ஒத்துக்காம ஆட்சேபணையோட கட்டுறேன்னு கடிதம் வச்சு கட்டிட்டு, மத்த ரெண்டுக்கும் கூட்டமர்வுல (தணிக்கைக்காரங்களும் ஊராட்சி தரப்பும் சேந்து உக்காந்து தடைகளைப் பேசி முடிக்கிற கூட்டம்) ஆதாரத்தோட போய் உக்காருங்க. தடையை நீக்குற இடம் அதுதான், அங்க போகாம நேரா ஹைகோர்ட்ல ரிட் மனு போட்டா அப்பீல் இருக்கேன்னு திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம். அதுக்குள்ள உத்தரவு வந்துட்டா நிலவரி பாக்கி மாதிரி வசூலுக்கு வந்து வீட்டு ஜப்தி வரைக்கும் போகும், அதனால தேதியை மட்டும் விட்டுடாதீங்க.

தணிக்கை அரசியல் பழிவாங்கல்னு கடைசியில எழுதியிருக்கீங்க. அந்த வரியை எங்கயும் எழுதாதீங்க. உங்க பக்கம் நிக்கக்கூடிய ஒரே ஆள் காகிதத்தைப் பாக்குற அந்த தணிக்கையாளர்தான், யார் பேரு, எந்த ஜாதின்னு பாக்காம ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பாக்குறவர் இருக்கிறதாலதான் நம்ம ஊர் பணம் கொஞ்சமாவது தப்பிக்குது.

ஆரம்பத்துல அனுப்பலாமான்னு கேட்டீங்களே அந்தக் கடிதம், அதைக் கிழிச்சுப் போடாதீங்க, நான் பாக்கணும். நோட்டீஸ் வந்த கவர், போஸ்ட் ஆபீஸ் முத்திரை தெரியுற மாதிரி அதையும் எடுத்து வைங்க.