பின்பக்கத்தைக் கேட்டீர்களா?

கேள்வி: 1968இல் ‘பெகின்’ என்ற பாட்டைப் பாடிய டைம்பாக்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவைச் சிலர் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்களே? அந்தப் பெயரில் இயங்கியவரை அவர்கள் ஓர் எல்.பி. (பல பாட்டுகள் அடங்கிய நீண்ட) இசைத்தட்டுகூட வெளியிடவில்லை, பிறர் பாட்டைப் பாடிப் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் பிடித்ததும் 38ஆம் இடம்தான். சோலா, ப்ளூஸா, ப்ராக்ரசிவ் ராக்கா, எந்த இசை வகை என்றே தெரியாத குழு மறக்கப்பட்டதில் என்ன தவறு?

பதில்: உங்கள் கணக்கில் பிழையில்லை. அந்தப் பாட்டு பாப் காடியோவும் பெக்கி ஃபரினாவும் எழுதி, அமெரிக்காவின் ஃபோர் சீசன்ஸ் குழு 1967இல் பாடியதுதான். ஆனால் பட்டியலில் பிடித்த இடம்தான் அளவுகோல் என்றால், அதே பாட்டை 2021இல் உலகமெங்கும் ஒலிக்கவைத்த இத்தாலியின் மோனெஸ்கின் குழுவை அல்லவா நீங்கள் முதலில் கொண்டாட வேண்டும்?

நீங்கள் தட்டின் முன்பக்கத்தோடு நின்றுவிட்டீர்கள். 1967, 68 ஆண்டுகளில் டெராம் நிறுவனம் வெளியிட்ட இவர்களுடைய மூன்று சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு) தட்டுகளிலும் முன்பக்கம் பிறர் எழுதிய பாட்டு. விற்க வேண்டிய சரக்கை முன்னே வைப்பது எந்தக் கடைக்கும் உள்ள வழக்கம்தான். மூன்றாவது தட்டில் முன்பக்கம் பில்லடெல்ஃபியாவிலிருந்து வந்த ஒரு சோல் பாட்டு இருக்க, அதைத் திருப்பிப் போட்டால் வரும் ‘கான் இஸ் த சாட் மேன்’ அடுக்கடுக்கான குரல்களும் நீண்டு வளரும் கிதாருமாக வேறொரு குழுவோ என்று ஐயுற வைக்கிறது.

அந்தக் கிதாரை வாசித்த ஆலி ஹால்சால் குழுவில் சேர்ந்தது, உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோன் கலைஞராக. கிதாரைப் பின்னர்தான் கையிலெடுத்தார், அதுவும் இடக்கையால்; ஜாஸ் வைப்ரஃபோனில் பழகிய விரைவான, தாவிச் செல்லும் இசைத்தொடர்களை அவர் ப்ளூஸ் கிதாருக்குள் கொண்டுவந்ததால்தான் அக்காலத்தில் எல்லோரும் வாசித்துத் தேய்த்த ப்ளூஸ் வரிகள் அவரிடம் குறைவு என்பது என் கணிப்பு. அதன் மேல் மைக் பேட்டோவின் கரகரத்த சோல் குரல். எந்த அடுக்கில் வைப்பதென்று கடைக்காரர் தடுமாறியிருக்கலாம். கேட்பவருக்கு அந்தத் தடுமாற்றம் எதற்கு?

எல்.பி. பற்றிய உங்கள் குறைக்கும் விடை உண்டு. 1970இல் கீபோர்டு வாசித்த கிறிஸ் ஹோம்ஸ் விலகியதும், எஞ்சிய நால்வரும், அதாவது பேட்டோ, ஹால்சால், பாஸ் கிதார் கிளைவ் கிரிஃபித்ஸ், டிரம்ஸ் ஜான் ஹால்சி ஆகியோர், பாடகரின் பெயரையே குழுவுக்குச் சூட்டிக்கொண்டு அதே ஆண்டு வெர்டிகோ நிறுவனத்தில் முதல் எல்.பி.யை வெளியிட்டார்கள். (பின்னாளில் பீட்டில்ஸைக் கேலி செய்த ரட்டில்ஸ் குழுவில் ‘பேரி வாம்’ என்ற பாத்திரமாக டிரம்ஸ் முன் உட்கார்ந்தவர் இதே ஹால்சிதான்.) அதன் முதல் பாட்டான ‘தி மேன்’ ஹால்சாலின் அந்தப் பழைய வைப்ரஃபோனை மீண்டும் கேட்கத் தருகிறது. அதைக் கேட்டபின் அடுத்த கேள்வியை அனுப்புங்கள்.