குதிரைப்படை ஏன் இறங்கிப் போரிட்டது? ஜான் பியூஃபோர்ட் எப்படிப்பட்ட அதிகாரி?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) வடக்குத் தரப்பின் குதிரைப்படைத் தளபதி ஜான் பியூஃபோர்ட். கென்டக்கியில் 1826இல் பிறந்து, 1848இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறியவர். அவருடைய போர்முறை இதுதான்: குதிரையில் விரைந்து சென்று இடத்தைப் பிடிப்பது, பிறகு இறங்கி நின்று சுடுவது.

தீயணைப்பு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஆட்களைச் சீக்கிரம் கொண்டு சேர்க்கிறது. தீயை அணைப்பது இறங்கிய ஆட்கள். குதிரைமேல் அமர்ந்திருப்பவர் பெரிய இலக்கு, அவருக்குக் குறியும் தவறும். இறங்கினால் வேலியும் மரமும் மறைப்பாகும். ஆனால் நால்வரில் ஒருவர் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். படையில் கால்பங்கு இப்படியே போய்விடும்!

1863 ஜூலை 1 காலை, பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் ஊருக்கு மேற்கே, 3,000க்கும் குறைவான வீரர்களோடு தன்னைவிடப் பெரிய தெற்குத் தரப்பின் காலாட்படையை அவர் தடுத்தார். வெல்வதற்காக அல்ல, நேரம் வாங்குவதற்காக. வடக்கின் தளபதி ரெனால்ட்ஸின் காலாட்படை வந்து சேர்ந்தது; ஊருக்குத் தெற்கேயிருந்த மேடுகள் வடக்கின் கையில் தங்கின. அந்தப் போரின் மிக முக்கியமான காலைப்பொழுது அதுவே என்பது என் உறுதியான எண்ணம். அதே ஆண்டு டிசம்பரில், 37 வயதில், பியூஃபோர்ட் காய்ச்சலில் இறந்தார்.

அவருடைய வீரர்களிடம் தொடர்ந்து சுடும் துப்பாக்கிகள் இருந்தன என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் வீரர்களில் பெரும்பாலோர் வைத்திருந்தவை பின்புறம் தோட்டா இடும், ஒவ்வொரு தோட்டாவாக இட்டுச் சுடும் கார்பைன்கள்தாம் (குட்டையான துப்பாக்கிகள்).