வாட்ஸ்அப்பை உருவாக்கியவர் யார்?

கேள்வி: வாட்ஸ்அப் செயலியை உருவாக்கியவர் மார்க் ஸக்கர்பெர்க்தான் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். அது உண்மையா?

பதில்: ஸக்கர்பெர்க்கின் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பைப் பின்னர் வாங்கியது; வாங்கியவரை உருவாக்கியவராக உங்கள் நண்பர் எண்ணிவிட்டார். வாட்ஸ்அப்பைத் தொடங்கியவர் ஜான் கூம். உக்ரைனின் கீவ் நகரில் 1976-இல் பிறந்த இவர், 16 வயதில் தாயுடனும் பாட்டியுடனும் அமெரிக்காவின் மவுண்டன் வியூ நகருக்குக் குடிபெயர்ந்தார். தாய் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, மகன் மளிகைக் கடையில் தரை கூட்டினார். அரசு வழங்கிய உணவுக் கூப்பன்களும் அக்குடும்பத்துக்குத் தேவைப்பட்டன. பழைய புத்தகக் கடையில் கணினி வலையமைப்பு நூல்களை வாங்கிப் படித்துவிட்டு, அங்கேயே திருப்பிக் கொடுத்துத் தொழில் கற்றவர் அவர்.

யாஹூ நிறுவனத்தில் உடன் பணியாற்றிய பிரையன் ஆக்டனும் கூமும் 2007-இல் வேலையை விட்டனர். பின்னர் இருவருமே ஃபேஸ்புக்கில் வேலை கேட்டு விண்ணப்பித்தார்கள், இருவருக்கும் கிடைக்கவில்லை!

2009 ஜனவரியில் ஐபோன் ஒன்றை வாங்கிய கூமுக்குத் தோன்றிய யோசனையில் குறுஞ்செய்திக்கு இடமே இல்லை. தொலைபேசியில் சேமித்த பெயர்களுக்கு அருகே, ‘பேசிக்கொண்டிருக்கிறேன்’, ‘பேட்டரி தீரப்போகிறது’ என்பன போன்ற நிலைக்குறிப்புகள் தெரிய வேண்டும் என்பதே அவரது நோக்கம். தம் பிறந்தநாளான பிப்ரவரி 24 அன்று நிறுவனத்தைப் பதிவுசெய்தார். ஆனால் செயலி அடிக்கடி முடங்கியது, பயன்படுத்தியவர்களும் சிலரே. அவர் கைவிட நினைத்தபோது, இன்னும் சில மாதங்கள் பொறுக்கும்படி தடுத்தவர் ஆக்டன்.

அவ்வாண்டு ஜூனில், செயலி திறந்திராத நேரத்திலும் அறிவிப்பு அனுப்பும் வசதியை ஆப்பிள் அளித்தது. ஒருவர் தம் நிலைக்குறிப்பை மாற்றியதும் நண்பர்கள் அனைவருக்கும் தகவல் போனதால், அவர்கள் அக்குறிப்புகளிலேயே கேலியும் பதிலுமாகப் பேசிக்கொள்ளத் தொடங்கினர். இதைக் கவனித்த கூம், அடுத்த பதிப்பில் செய்தி அனுப்பும் வசதியைச் சேர்த்தார். தனிப் பயனர்பெயரோ கடவுச்சொல்லோ கேட்காமல், தொலைபேசி எண்ணையே அடையாளமாகக் கொண்டதுதான் அதன் வெற்றிக்கு முதற்காரணம் என்பேன். பழைய யாஹூ நண்பர்களிடம் 2,50,000 டாலர் திரட்டித் தந்த ஆக்டன் இணை நிறுவனரானார்.

கேள்வி: பிறகு அது ஃபேஸ்புக் வசம் போனது எப்படி?

பதில்: 2014 பிப்ரவரியில், ஏறத்தாழ 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. அப்போது 45 கோடிப் பயனர்களைக் கொண்டிருந்த அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் வெறும் 55 பேர். உணவுக் கூப்பனுக்காகத் தாம் வரிசையில் நின்ற பழைய அரசு நல அலுவலகக் கட்டடத்தின் வாசலில் வைத்துத்தான் கூம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். விளம்பரமே கூடாது என்று உறுதியாயிருந்த நிறுவனர்களால் புதிய உரிமையாளருடன் நெடுநாள் ஒத்துப்போக இயலவில்லை. ஆக்டன் 2017-இலும் கூம் 2018-இலும் விலகினர். ஆக்டன் 5 கோடி டாலர் அளித்து, சிக்னல் என்னும் வேறொரு செய்திச் செயலிக்கான அறக்கட்டளையைத் தொடங்க உதவினார்.