எல்லாரும் ஒரே நாளில் போட்டால் அதற்குப் பெயர் லீவு இல்லை, தோழர்

வாசகர் கேள்வி: கோவை பக்கம் ஒரு பவுண்டரி. நிரந்தரத் தொழிலாளர்கள் 130 பேர். பதிவு பெற்ற சங்கம், நான் செயலாளர். 14 வருஷமாக ஓடிக்கொண்டிருந்த கம்பெனி பஸ்ஸை போன மாதம் முதல் தேதியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள், அவ்வளவுதான். மூன்று முறை மனு கொடுத்தோம். எச்.ஆர். வாங்கிக்கொள்கிறார், ஆனால் நகலில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். கேட்டால் ‘உங்கள் சங்கத்தை நாங்கள் அங்கீகரிக்கவே இல்லை’ என்கிறார். இதைப் பேசப் போன எங்கள் பொருளாளரை, சூப்பர்வைசரைத் திட்டினார் என்று சொல்லி சஸ்பெண்ட் செய்து சார்ஜ் மெமோ கொடுத்திருக்கிறார்கள். ஸ்டிரைக் என்றால்தானே பிரச்சினை, திங்கட்கிழமை எல்லாரும் கேஷுவல் லீவு எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் உறுப்பினர்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்தத் திங்கட்கிழமையை நிறுத்துங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

முன்பெல்லாம் ‘கூட்டு லீவு’ என்பது சங்கங்கள் கையில் இருந்த பழைய தந்திரம், அது ஸ்டிரைக்கா இல்லையா என்று நீதிமன்றத்தில் வாதாடவாவது இடம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அந்த இடத்தை அடைத்துவிட்டது. ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்து கேஷுவல் லீவு போட்டால் அது வேலைநிறுத்தம்தான் என்று வரையறையிலேயே எழுதிவிட்டார்கள். உங்கள் கணக்கில் 65 பேர். வேலைநிறுத்தம் என்றால் 14 நாள் நோட்டீஸ் வேண்டும், நீங்கள் கொடுக்கவில்லை. சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு ஆளுக்கு ஆயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் போனால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கவும் சம்பளச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு நாள் லீவுக்கு இது அதிக விலை. அதைவிட முக்கியம், இப்போது தப்பு முழுக்க நிர்வாகத்தின் பக்கம் இருக்கிறது, திங்கட்கிழமை சாயங்காலம் பாதித் தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். எச்.ஆர். அதற்காகக் காத்திருக்கக்கூட வாய்ப்பிருக்கிறது.

சரி, பஸ். ‘அது நாங்கள் இரக்கப்பட்டு விட்டது, உரிமை இல்லை’ என்பார்கள், இதை நூறு தடவை கேட்டிருக்கிறேன். வழக்கமாக இருந்துவரும் சலுகையை எடுப்பதென்றால் 21 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் 9ஏ பிரிவு என்று வாய்ப்பாடாகச் சொல்வோமே, அதுதான் இப்போது புதிய தொகுப்பில் 40-ஆம் பிரிவு. போர்டில் ஒட்டிய தாள் என்ன தேதியிட்டது, எந்தத் தேதியில் பஸ் நின்றது, இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்று பாருங்கள். அந்தத் தாளை யாராவது போட்டோ எடுத்திருப்பார்கள். பஸ் நேரம், ஸ்டாப் பெயர்கள் போட்டு முன்பு ஒட்டிய நோட்டீஸும் யார் போனிலாவது கிடக்கும், தேடச் சொல்லுங்கள், 14 வருஷத்துக்கு அதுதான் சாட்சி. கடைசியாகப் போட்ட ஊதிய ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். ‘இதர சலுகைகள் தொடரும்’ என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. அந்த வரி இருந்தால் பஸ்ஸை நிறுத்தியது ஒப்பந்த மீறல் என்று வாதாட இன்னும் பலமான பிடி கிடைக்கும். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து முறித்துக்கொள்ளும் வரை அது கட்டுப்படுத்தும்.

மனுவுக்குக் கையெழுத்து தராதது பெரிய விஷயமே இல்லை, ஆனால் கையில் கொடுப்பதை இத்தோடு நிறுத்துங்கள். சில வருஷம் முன்பு ஒரு மில் கேஸில் சமரசப் பேச்சின்போது மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்து ‘எங்களுக்கு எந்த மனுவும் வரவில்லை சார்’ என்றார். சங்கத்துக்காரர்களுக்கு முகமே செத்துவிட்டது. கடைசியில் காப்பாற்றியது கேட்டில் இருந்த செக்யூரிட்டியின் தபால் நோட்டு, அதில் தேதி போட்டு ‘யூனியன் லெட்டர் 1’ என்று அவர் எழுதி வைத்திருந்தார். எல்லா நேரமும் அப்படி ஒரு நல்ல செக்யூரிட்டி கிடைக்க மாட்டார். ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள் (பதிவுத் தபாலை இப்போது அதோடு சேர்த்துவிட்டார்கள்), கம்பெனி மெயிலுக்கும் ஒரு நகல் போடுங்கள்.

ஒரு வாரம் பாருங்கள். பதில் வராவிட்டால், அங்கீகாரம் இல்லை என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல், தொழிலாளர் உதவி ஆணையரிடம் (சமரசம்) தொழில் தகராறு மனுவாகவே எழுப்புங்கள். பதிவு பெற்ற சங்கம் தகராறு எழுப்ப முதலாளியின் அங்கீகாரம் தேவையில்லை. சமரச அலுவலரான அவர் வழக்கமான தகராறில் 45 நாளுக்குள் முடித்து அறிக்கை தர வேண்டும். பேச்சு முறிந்தால், முன்பு போல அரசு ‘ரெஃபரன்ஸ்’ போடுமா, அதாவது தகராறை விசாரணைக்கு அனுப்புமா அனுப்பாதா என்று காத்துக் கிடக்க வேண்டாம், அறிக்கை வந்த 90 நாளுக்குள் நீங்களே தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். புதிய சட்டத்தைத் திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது, ஆனால் இந்த ஒன்று நல்ல மாற்றம்.

சமரசம் நடக்கும்போது நீங்களும் ஸ்டிரைக் போக முடியாது, அது உண்மை. ஆனால் நிர்வாகத்தின் கையும் கட்டப்படுகிறது. தகராறோடு சம்பந்தப்பட்ட வேலை நிலைமைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்ற முடியாது. அந்தத் தகராறு தொடர்பான குற்றச்சாட்டுக்கு யாரையும் டிஸ்மிஸ் செய்வதென்றால் அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பழைய சட்டத்தின் 33-ஆம் பிரிவு, இப்போது 90-ஆம் பிரிவு. சம்பந்தமில்லாத குற்றச்சாட்டு என்றால்கூட ஒரு மாதச் சம்பளம் கொடுத்து ஒப்புதல் கேட்க வேண்டும். அப்படிக் கேட்காமல் செய்த டிஸ்மிஸ் செல்லவே செல்லாது என்று பழைய 33-இன் கீழ் 2002-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. உங்கள் பொருளாளருக்கு இதைவிடப் பெரிய கவசம் இல்லை. அதனால்தான் மனுவைச் சீக்கிரம் போடச் சொல்கிறேன். மனுவிலேயே பஸ்ஸை முதல் கோரிக்கையாகவும் அவருடைய சஸ்பென்ஷனை இரண்டாவதாகவும் எழுதி, பஸ் பற்றிப் பேசப் போனதால்தான் நடவடிக்கை என்று தேதியோடு சேர்த்துவிடுங்கள்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், தனி ஆளின் குறைகளைப் பார்க்கக் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். உங்கள் ஆலையில் யார் உறுப்பினர்கள் என்று கடிதத்தில் கேளுங்கள், பெரும்பாலும் எச்.ஆர். கூப்பிட்டு உட்கார வைத்த நாலு பேர் பெயர் வரும். பஸ் விஷயத்துக்கு இந்தக் குழு வாசலில் நிற்கத் தேவையில்லை, அது கூட்டுக் கோரிக்கை.

பொருளாளர் சார்ஜ் மெமோவைத் தொடாமல் வைத்திருக்கக் கூடாது. கெடு தேதிக்குள் பதில் போக வேண்டும், ‘திட்டவில்லை, பஸ் பற்றிக் கேட்டேன்’ என்ற அளவில் சுருக்கமாக, மன்னிப்பு கின்னிப்பு எதுவும் இல்லாமல். அன்றைக்குப் பக்கத்தில் மோல்டிங்கில் நின்றவர்கள் யார் யார் என்று பெயர்களை இப்போதே குறித்து வைக்கச் சொல்லுங்கள், பதிலில் எழுத வேண்டாம். சஸ்பென்ஷன் காலத்துக்குத் தமிழ்நாட்டின் 1981-ஆம் வருஷப் பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், அதற்கு மேல் முழுசு. இந்த மாதச் சம்பளத் தேதியில் அந்தப் பாதி அவர் கணக்கில் ஏறவில்லை என்றால், அதையும் மனுவில் மூன்றாவது கோரிக்கையாக எழுதுங்கள்.