84 வீதம் என்றால் நல்ல பாடசாலையா?

கேள்வி: நாங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். மகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினாள், வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைந்துவிட்டன. இப்போது படிக்கும் பாடசாலையில் தரம் 5 வரைதான். தரம் 6க்கு இரண்டு அரச பாடசாலைகளில் இடம் கிடைக்கும்போல இருக்கிறது. ஒன்றில் தரம் 11 முடிவில் சாதாரண தரப் பரீட்சை எழுதியவர்களில் 84 வீதமானோர் உயர்தரம் (தரம் 12, 13) படிக்கத் தகுதி பெற்றிருக்கிறார்கள், மற்றதில் 67 வீதம். முதலாவதில் போடுவதுதானே சரி? இரண்டாவதில் கண்ட கண்ட பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்று சொந்தக்காரர் பயப்படுத்துகிறார்கள்.

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த 84இல் பாடசாலை படிப்பித்து வந்தது எவ்வளவு, தரம் 6இலேயே புள்ளி கூடிய பிள்ளைகளை எடுத்ததால் வந்தது எவ்வளவு என்று அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

விளங்குவதற்காக நானே ஒரு கணக்குப் போடுகிறேன், இவை உண்மையான பாடசாலைகளின் எண்கள் இல்லை. இரண்டிலும் 100 பேர் பரீட்சை எழுதினார்கள் என்று வையுங்கள். முதலாவதில் 80 பேர் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியைத் தாண்டி வந்தவர்கள், 20 பேர் மற்றப் பிள்ளைகள். தாண்டிய 80இல் 76 பேரும் மற்ற 20இல் 8 பேரும் தகுதி பெற்றால் மொத்தம் 84. இரண்டாவதில் தாண்டியவர்கள் 20 பேர்தான், அதில் 19 பேர் தகுதி, மற்ற 80இல் 48 பேர் தகுதி, மொத்தம் 67. இப்போது பிரித்துப் பாருங்கள்: வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளைகள் இரண்டு இடத்திலும் ஒரே 95 வீதம். தாண்டாத பிள்ளைகள் முதலாவதில் 40 வீதம், இரண்டாவதில் 60 வீதம். உங்கள் மகள் எந்தப் பக்கம்? அப்படியென்றால் அவளுக்கு நல்லது 67 வீதப் பாடசாலைதான்.

நிஜத்திலும் இப்படித்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் முடிவெடுக்கக்கூடாது. அதிபரைச் சந்திக்கும்போது, புலமைப்பரிசில் மூலம் வராத பிள்ளைகளில் எத்தனை பேர் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றார்கள் என்று நேரடியாகவே கேளுங்கள். அப்புறம் தரம் 10இல் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பரீட்சைக்குத் தோற்றினார்கள் என்பது. இடையில் விலகிய பிள்ளை சித்தி வீதத்துக்குள் வருவதே இல்லை, ஆகவே பலவீனமான பிள்ளைகள் கழன்று போகும் பாடசாலையின் வீதம் தானாகவே ஏறும்.

சிங்களமும் தமிழும் இரண்டு மொழிமூலமும் உள்ள பாடசாலை என்றால் தமிழ்மொழி மூலத்தின் பெறுபேற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். தமிழில் கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க ஆசிரியர் இல்லாத பிரச்சினை நம் பெற்றோருக்குப் புதிதில்லை, மொத்த வீதத்துக்குள் அது மறைந்துவிடும். கணிதத்தை நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது: உயர்தரத்துக்கு வழமையாகக் கேட்பது தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடச் சித்தி, அவற்றில் மூன்றில் குறைந்தது 'சி' (திறமைச் சித்தி), ஆகவே கணிதத்தில் விழுந்த பிள்ளைக்கு மற்றப் பாடங்களில் எடுத்த புள்ளி பெரிதாக உதவாது. வாசலில் பனர் கட்டிக் காட்டும், ஒன்பது பாடத்திலும் 'ஏ' எடுத்த பிள்ளைகளின் படங்கள் சந்தோஷமானவைதான், உங்கள் முடிவுக்கு அவை தேவையில்லை. சிறிய வகுப்பென்றால் ஒரே வருடத்தை நம்ப வேண்டாம், 25 பேரில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் 4 வீதம் மாறும், மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். உயர்தரப் பெறுபேற்றை இப்போதைக்கு விடுங்கள், சாதாரண தரம் முடித்து வேறு பாடசாலைகளிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் அதில் இருப்பார்கள்.

சொந்தக்காரர் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன், அது எனக்கு மனவருத்தம் தருகிறது. வடகொழும்பில் தமிழ்மொழி மூல வகுப்பொன்றில் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும், மலையகத்திலிருந்து வேலைக்காக வந்த குடும்பத்துப் பிள்ளையும், நாட்கூலி வீட்டுப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருப்பார்கள். இதில் பயப்பட என்ன இருக்கிறது? இந்தப் பிள்ளைகளில் பலருக்கு வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ டியூசனுக்குக் கட்டக் காசில்லை. அப்படிப்பட்ட வகுப்பிலிருந்து 67 வீதம் வருகிறதென்றால், அங்கே ஆசிரியர்கள் வகுப்பறையில் வேலை செய்கிறார்கள் என்று நினைக்க நியாயம் இருக்கிறது. 84 வீதத்தில் டியூசன் மாஸ்டர்களின் பங்கும் இருக்கலாம், அந்தச் செலவை உங்களால் ஐந்தாறு வருடம் தாங்க முடியுமா என்றும் யோசியுங்கள்.

கேட்டும் பாடசாலை விவரம் தரவில்லையா? பெறுபேறுகளும் மாணவர் தொகை விவரமும் வலயக் கல்விப் பணிமனையிலும் இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம், தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பெயரோ சுட்டெண்ணோ கேட்காதீர்கள், எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள், அப்போது மறுக்கக் காரணம் குறைவு. அனுமதி முடிவதற்குள் பதில் வர வேண்டும் என்பதால் விண்ணப்பத்தை இந்தக் கிழமையே கொடுத்துவிடுங்கள்.